ஒழுகலில் பிறந்த டிரிப்பர்

தோட்டத்து ஓரத்தில் சுருட்டிப் போட்டிருக்கும் பழைய கறுப்பு லேட்டரல் குழாயை எடுத்து, சொட்டு விழும் துளை இருக்கும் இடத்தில் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். உள்சுவரில் சிறு பிளாஸ்டிக் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதன் மேல் ரம்பப் பல் போல வளைந்து வளைந்து ஓடும் மெல்லிய தடம். குழாயில் அழுத்தத்தோடு வரும் தண்ணீர் இந்தத் தடத்துக்குள் புகுந்து, பல்லுக்குப் பல் முட்டி, சுழன்று, முறுக்கெல்லாம் தளர்ந்து வெளியே வரும்போது சொட்டாகத்தான் விழும். அசையும் பாகம் எதுவும் இல்லை, மின்சாரமும் வேண்டாம். இதுதான் டிரிப்பர்.

குழாயில் ஊசியால் ஓர் ஓட்டை போட்டால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. போதாது. ஒரு மில்லிமீட்டர் ஓட்டையில் பத்து மீட்டர் உயரத் தொட்டியின் அழுத்தத்தில் தண்ணீர் பாய்ந்தால் மணிக்கு இருபது லிட்டருக்கு மேல் பீய்ச்சும். செடிக்கு வேண்டியதோ மணிக்கு 2 அல்லது 4 லிட்டர். அந்த அளவுக்குக் குறைக்க வேண்டுமானால் ஓட்டையை அரை மில்லிமீட்டருக்கும் கீழே சுருக்க வேண்டும். அப்படிச் சுருக்கினால் முதல் நாளே ஒரு மணல் துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வழி அகலமாக இருக்க வேண்டும், வெளியே வருவது கொஞ்சமாக இருக்க வேண்டும். இந்த முரணைத் தீர்ப்பதற்குத்தான் அந்த ரம்பப் பல். தண்ணீரின் அழுத்தத்தை வழியிலேயே செலவழிக்க வைப்பது என்ற ஒரே ஒரு யோசனையின் மேல்தான் இந்தத் தொழில் முழுக்க நிற்கிறது.

சொட்டுச் சொட்டாகப் பாய்ச்சும் எண்ணம் புதிதல்ல. மெருகு பூசாத, நுண்துளைகளுள்ள மண்பானையை வேர்ப்பக்கம் புதைத்து நீர் நிரப்புவது பல நாடுகளில் இருந்த பழக்கம். சீனத்தில் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட வேளாண் குறிப்பிலேயே அது உண்டு. என்னை அசர வைப்பது மேகாலயாவின் ஜெயந்தியா, காசி மலைச்சரிவுகள். அங்கே ஊற்று நீரை மூங்கில் குழாய்களில் பல நூறு மீட்டர் இறக்கி வெற்றிலைக் கொடிகளுக்கும் மிளகுக்கும் கொடுக்கிறார்கள். மேலே நிமிடத்துக்கு 18 முதல் 20 லிட்டர் வரை நுழையும் தண்ணீர், பிரிந்து பிரிந்து, கொடியின் அடியில் நிமிடத்துக்கு 20 முதல் 80 சொட்டுகளாக விழுகிறது. பம்பும் பிளாஸ்டிக்கும் இல்லாமல், மூங்கிலைப் பொருத்தும் விதத்திலேயே கணக்கை முடித்திருக்கிறார்கள். ஆனால் அது அந்தச் சரிவை விட்டு வெளியே போகவில்லை. மலையும் ஊற்றும் மூங்கிலும் சேர்ந்து இருக்கும் இடத்தில்தான் அது வாழ முடியும். ஊர் ஊராகப் போக, அச்சில் வார்க்கக்கூடிய ஒரு பொருள் தேவைப்பட்டது.

அந்தப் பொருளின் கதை வழக்கமாக சிம்ஹா பிளாஸிடமிருந்துதான் தொடங்கும். 1897-இல் வார்சாவில் பிறந்து, பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்தில் குடியேறிய நீர்ப் பொறியாளர் அவர். 1930-களில் ஒரு விவசாயி, தண்ணீரே ஊற்றாமல் தன் வேலியோரத்தில் ஒரு மரம் மட்டும் ஓங்கி வளர்ந்திருப்பதைக் காட்டினார். பிளாஸ் தோண்டிப் பார்த்தார். அருகில் போன குழாயின் இணைப்பு ஒழுகிக்கொண்டிருந்தது. மேலே ஈரம் கையகலம்தான். உள்ளே, வெங்காய வடிவத்தில் அகன்று வேருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நம் ஊரில் ஒழுகும் குழாயைப் பார்த்தால் பிளம்பரைக் கூப்பிடத் தோன்றும். அவரோ பல ஆண்டுகள் அதை மனதில் வைத்திருந்தார்.

இடையில் அவர் பெரிய குழாய்களின் ஆளாக இருந்தார். நெகேவ் பாலைக்கு நீர் கொண்டுபோகும் திட்டங்களை வரைந்தவர். ஜோர்டான் ஆற்று நீரை யார் எடுப்பது என்ற சண்டை அந்தத் திட்டங்களோடு வந்தது. அது தனிக் கதை, இனிமையான கதையும் அல்ல. 1950-களின் நடுவில் கருத்து வேறுபாட்டில் அரசுப் பணியை விட்டு விலகியபின், பழைய ஒழுகல் ஞாபகம் திரும்ப வந்தது. அதற்குள் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் மலிவாகிவிட்டது. இரும்புக் குழாயில் செய்ய முடியாததை இதில் செய்யலாம். மகனோடு சேர்ந்து, மெல்லிய நீண்ட குழலைச் சுருளாகச் சுற்றி, அதன் நீளத்திலேயே தண்ணீரின் வேகத்தைத் தின்னவைத்தார்.

டிரிப்பரைப் பெற்றவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க் மாநிலத்தில் ரிச்சர்ட் சாப்பின் 1960-களில் பசுமைக்குடில்களுக்கும் வயல்களுக்கும் மெல்லிய சொட்டுக் குழாய்களைச் செய்துகொண்டிருந்தார். மண் இயற்பியலாளர் டேனியல் ஹில்லெல், வாரத்துக்கு ஒருமுறை வெள்ளமாகப் பாய்ச்சிவிட்டு மண்ணைக் காயவிடும் முறையை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்கும் சிந்தனையைப் பரப்பினார். அதற்காக 2012-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது. டிரிப்பரை விற்கிறவர்கள் பிளாஸ் மரக் கதையை மட்டும் சொல்வது, அது சொல்ல எளிதாக இருப்பதால்தான்.

1965-இல் பிளாஸ், பெர்ஷேபா அருகே ஹட்சேரிம் என்ற கூட்டுப்பண்ணையோடு ஒப்பந்தம் செய்தார். நெட்டாஃபிம் என்ற நிறுவனம் அங்கே தொடங்கியது. அந்தப் பண்ணையின் மண் உவர் மண். பயிரை மட்டும் நம்பினால் கஞ்சி கிடைக்காது, ஏதாவது ஒரு தொழிற்சாலை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அதாவது டிரிப்பரை முதலில் வரவேற்றவர்களுக்குத் தண்ணீர்ச் சிக்கனம் மட்டும் காரணமல்ல, பிழைப்பும் காரணம். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கருவி போன இடமெல்லாம் இதுவே நடந்தது. சிக்கனம் என்ற பெயரில் விற்றார்கள். வாங்கியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் தங்களுக்கு வேண்டிய வேறொரு காரணத்துக்காக வாங்கினார்கள்.

இஸ்ரேலின் அராவா பள்ளத்தாக்கில் அந்தக் காரணம் உப்பு. அங்கே கிணற்று நீரே உவர்ப்பு. தெளிப்பான் வைத்தால் இலை மேல் உப்புப் படிந்து கருகும். வாய்க்காலில் விட்டால் இரண்டு பாசனத்துக்கு இடையில் மண் காய்ந்து உப்பு இறுகும். டான் கோல்ட்பெர்க் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அங்கே சொட்டுநீர் வைத்துப் பார்த்து, 1970-இல் முடிவுகளை எழுதினார்கள். தினமும் சொட்டிக்கொண்டே இருந்தால் வேர் இருக்கும் ஈர வட்டம் காய்வதே இல்லை, உப்பு அந்த வட்டத்தின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறது. மற்ற முறைகளில் பயிர் திணறிய தண்ணீரிலேயே தக்காளியும் வெள்ளரியும் காய்த்தன. இதில் ஒரு சிக்கலும் உண்டு. லேசான மழை பெய்தால் விளிம்பில் ஒதுங்கிய உப்பு கரைந்து மறுபடி வேருக்கே வந்துவிடும். அதனால் அனுபவசாலிகள் முதல் தூறலின்போது மோட்டாரை அணைப்பதில்லை, போடுவார்கள். மழையில் நனைந்தபடி பாசனம் செய்பவரைப் பார்த்தால் பைத்தியம் என்று நினைத்துவிடக் கூடாது.

கலிபோர்னியாவுக்குப் போனபோது காரணம் மாறியது. சான் டியாகோ பக்கம் வெண்ணெய்ப்பழத் தோப்புகள் செங்குத்தான சரிவுகளில் இருந்தன. அங்கே பாத்தி கட்ட முடியாது, தண்ணீரும் விலை அதிகம். 1974-இல் உலகச் சொட்டுநீர் மாநாடு அதே ஊரில் நடந்தது. சரிவு வேறொரு தொல்லையையும் கொண்டுவந்தது. மேட்டில் இருக்கும் செடிக்குக் குறைவாகவும் பள்ளத்தில் இருப்பதற்கு அதிகமாகவும் சொட்டியது. பிளாஸின் சுருள் குழல் அழுத்தம் மாறினால் அளவும் மாறும் ரகம். வளைவுத் தடத்தில் தண்ணீரைச் சுழல விட்டபோது அந்த ஏற்ற இறக்கம் பாதியாகக் குறைந்தது. பிறகு உள்ளே ஒரு ரப்பர் சவ்வை வைத்தார்கள். அழுத்தம் கூடினால் சவ்வு அமுங்கி வழியைக் குறுக்கும், குறைந்தால் விரியும். மலைத் தேயிலைக்கும் காபிக்கும் இன்று போடுவது அந்த ரகம்தான். விலை கூடுதல்.

இந்தியாவில் டிரிப்பர் கால் வைத்த முதல் இடங்களில் ஒன்று கோயம்புத்தூர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் ஆர்.கே. சிவனப்பன் 1970 வாக்கில் ஆய்வைத் தொடங்கினார். பாதித் தண்ணீரில் அதே விளைச்சல் எடுக்கலாம் என்று காட்டினார். நாட்டில் இத்துறைக்கு முன்னோடி என்று அவரைச் சொல்வது மிகையல்ல. ஆனாலும் பல்கலைக்கழக மதிலைத் தாண்டி டிரிப்பர் தோட்டத்துக்கு வர வெகுகாலம் ஆயிற்று. கொங்கு நாட்டுக் கிணறுகளில் அப்போது தண்ணீர் எட்டும் ஆழத்தில் இருந்தது. கவலை ஏற்றம் போய் மின்மோட்டார் வந்த புதிது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுவதே வசதியின் அடையாளம். அந்த நேரத்தில் போய், மண் நனைந்ததுகூடத் தெரியாத அளவுக்குச் சொட்டும் ஒரு குழாயைக் காட்டினால் யார் காசு கொடுப்பார்கள்? விவசாய மின்சாரம் முதலில் சிறு விவசாயிகளுக்கும் பிறகு எல்லோருக்கும் இலவசமானபோது, அதிகம் இறைப்பதால் பையில் எந்த நட்டமும் இல்லை என்றும் ஆகிவிட்டது.

அந்த இடைவெளியில் டிரிப்பர் மகாராஷ்டிரத்தின் ஜல்கானில் வேர் பிடித்தது. பி.வி.சி. குழாய் செய்துகொண்டிருந்த பவர்லால் ஜெயின் 1980-களின் பிற்பகுதியில் இதில் இறங்கினார். அவர் வெறும் குழாயை விற்கவில்லை என்பதுதான் விஷயம். திசு வளர்ப்பு வாழைக்கன்று, கரையும் உரம், வயலுக்கே வந்து சொல்லிக்கொடுக்கும் ஆள் எல்லாம் சேர்த்து ஒரு கட்டாகக் கொடுத்தார். வாழைக்காரர்களை இழுத்தது தண்ணீர்க் கணக்கல்ல, தாரின் எடை. ஒரே வயதில், ஒரே அளவில், ஒன்றாக வெட்டுக்கு வரும் தார்கள். கிராண்ட் நைன் என்ற அந்த ரகம்தான் ஜி9 என்ற பெயரில் தேனி, கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. வரும்போது லேட்டரலையும் கூடவே கூட்டிவந்தது.

இந்தப் பயணத்தில் எனக்கு மிகப் பிடித்த நிறுத்தம் மத்தியப் பிரதேசத்தின் மைகால் பகுதி. பருத்தி விவசாயிகளுக்கு அங்கே ஒரு அவசரம் இருந்தது. மழைக்காகக் காத்திராமல் மே மாதக் கடைசியிலேயே விதை ஊன்றிவிட்டால் விளைச்சல் கூடும், ஆனால் கோடையில் கிணற்றில் மிஞ்சியிருக்கும் கொஞ்சத் தண்ணீர் எல்லா வரிசைக்கும் எட்ட வேண்டும். கம்பெனி டிரிப் வாங்க வசதியில்லை. அவர்கள் ஐஸ் கடைக்குப் போனார்கள். பிள்ளைகளுக்குக் கலர் ஐஸ் ஊற்றி விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குழாய் இருக்கிறதே, நம் ஊரிலும் பள்ளிக்கூட வாசலில் பெப்சி ஐஸ் என்று கூவி விற்பார்களே, அதைக் கிலோக் கணக்கில் வாங்கி வயல் நீளத்துக்கு விரித்து, செடிக்கு ஒரு துளை போட்டார்கள். அங்கேயும் அதன் பெயர் பெப்சிதான். ஒரு பருவம் தாங்கும். வெயிலில் நைந்துபோகும். கவலையில்லை, அதற்குள் பருத்தி எழுந்துவிடும், மழையும் வந்துவிடும். பொறியாளர் கண்ணுக்கு இது டிரிப்பரே அல்ல. ரம்பப் பல் இல்லை, சீரான அளவு இல்லை, முத்திரை இல்லை. ஆனால் கடன் வாங்காமல், விண்ணப்பம் போடாமல், ஒரே சந்தை நாளில் வாங்கி வந்து விரிக்க முடிந்தது. பெப்சியில் பழகியவர்களில் பலர் பிறகு நுண்குழல் வைத்தார்கள், கையில் காசு சேர்ந்தபோது தடித்த லேட்டரலுக்கும் போனார்கள்.

அரசின் மானியம் இந்தப் படிக்கட்டைக் கவனிக்கவில்லை. மானியம் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சாமானுக்குத்தான். தரம் வேண்டும் என்பது சரிதான். ஆனால் மானியம் வந்த இடத்தில் எல்லாம் மலிவு ரகம் ஓரங்கட்டப்பட்டது, முத்திரை ரகத்தின் விலையும் மானியத் தொகையின் உயரத்துக்கு ஏறி நின்றது. ஆந்திரம் 2003-இலும் குஜராத் 2005-இலும் தனி அமைப்புகளைத் தொடங்கின. மத்திய அரசின் திட்டம் பெயர் மாறி மாறி வந்து, 2015-இல் பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்துக்குள் அடங்கியது. தமிழ்நாடு அதன் மேல் தன் பணத்தையும் போட்டு, சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்று கொடுக்கிறது. சிட்டா, அடங்கல், வட்டாட்சியரிடம் வாங்கிய சிறு, குறு விவசாயி சான்று ஆகியவற்றோடு டிரிப்பர் இன்று கிராமத்துக்குள் நுழைகிறது.

தமிழ்நாட்டில் அது உண்மையில் வேலை செய்து காட்டிய இடம் தருமபுரியும் கிருஷ்ணகிரியும். 2004-இலிருந்து 2007 வரை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அங்கே 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையம் நடத்தியது. முதல் ஆண்டு முழு மானியம், இரண்டாம் ஆண்டு 90 சதவீதம், மூன்றாம் ஆண்டு 80. தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ். குழித்தட்டில் தென்னைநார்க் கழிவு போட்டு வளர்த்த நாற்று, வெஞ்சுரி என்ற உறிஞ்சு கருவி வழியாகச் சொட்டோடு போகும் கரையும் உரம், விற்பனைக்கு விவசாயிகளே சேர்ந்த சங்கம். தருமபுரி எப்போதும் வானத்தைப் பார்க்கும் மாவட்டம், அதனால் தண்ணீருக்காக வந்தவர்கள் உண்டு. ஆனால் அக்கம்பக்கத்துக்காரர்களைப் பார்க்க வைத்தது சந்தைக்குப் போன தக்காளியின் நிறமும் பருமனும். தொடக்கத்தில் இலவசமாகக் கொடுத்தும் தயங்கியவர்கள், மானியம் குறைந்த மூன்றாம் ஆண்டில் தாமே முன்வந்தார்கள் என்பது என்னைப் பொறுத்தவரை எந்த ஆய்வறிக்கையை விடவும் பெரிய சான்று.

கொங்கு மண்டலத்தில் காரணம் இன்னொன்று, ஆள். மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தால், டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாக வரப்பில் நின்று மடை மாற்ற ஓர் ஆள் வேண்டும். பாம்புக் கடிக்குப் பயந்தபடி, பாத்தி நிறைந்ததும் அடைத்து அடுத்ததைத் திறக்க வேண்டும். அந்த வேலைக்கு இன்று யாரும் வருவதில்லை, வந்தாலும் கூலி கட்டுப்படியாகாது. டிரிப் போட்டபின் ஒரு கேட் வால்வைத் திருப்பிவிட்டு வயதானவர்கூட வீட்டுக்கு வந்துவிடலாம். வரிசைக்கு இடையில் காய்ந்தே கிடப்பதால் களையும் குறைவு. மஞ்சள்காரரிடமோ கரும்புக்காரரிடமோ ஏன் டிரிப் போட்டீர்கள் என்று கேட்டால், நிலத்தடி நீரைக் காப்பாற்ற என்று முதலில் சொல்பவர் அபூர்வம்.

அவர் அப்படிச் சொல்லாததில் ஒரு நேர்மை இருக்கிறது. ஐந்து ஏக்கர்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். போர்வெல் தண்ணீர் வாய்க்கால் வழியாக இரண்டு ஏக்கருக்குத்தான் எட்டியது, மீதி மானாவாரிச் சோளம். டிரிப் வந்தபின் அதே மோட்டார், அதே மணிநேரம், நான்கு ஏக்கர் நனைகிறது. சோளம் போய் வாழை வருகிறது. அவருடைய குடும்பத்துக்கு நல்ல காலம். பூமிக்குள்ளிருந்து வருவதில் ஒரு குடம்கூடக் குறையவில்லை. சொல்லப்போனால் நிலைமை இன்னும் மோசம். முன்பு வாய்க்காலிலும் பாத்தியிலும் வீணானது என்று சொன்ன தண்ணீரில் ஒரு பங்கு கீழே இறங்கி, அவர் கிணற்றுக்கோ பக்கத்துக் கிணற்றுக்கோ திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அதையும் பயிர் குடித்து ஆவியாக்கிவிடுகிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. மொராக்கோ 2008-இல் பசுமைத் திட்டம் அறிவித்து, டிரிப்புக்கு 80 முதல் 100 சதவீதம் வரை மானியம் கொடுத்தது. நிலத்தடி நீர் இறங்குவது நிற்கவில்லை, அதிகத் தண்ணீர் குடிக்கும் பழத்தோட்டங்கள் பெருகின. அமெரிக்காவின் ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையைக் கணக்கிட்ட வார்ட், புலிடோ வெலாஸ்கெஸ் என்ற இருவர், சிக்கனக் கருவிக்கான மானியம் மொத்த நீர்ச் செலவைக் கூட்டவே செய்யும் என்று 2008-இலேயே காட்டினார்கள். 2018-இல் க்வென்டின் கிராஃப்டனும் அவருடைய சகாக்களும் ‘சயன்ஸ்’ இதழில் இதையே உலக அளவில் எழுதினார்கள். மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்று வரம்பு கட்டாமல் கருவியை மட்டும் கொடுத்தால் மிச்சம் எதுவும் மண்ணில் தங்காது என்பது அவர்கள் வாதம். டிரிப்பர் விற்பவர்களுக்கு இது பிடிக்காது. டிரிப்பரே வீண் என்று சொல்பவர்களும் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு லிட்டருக்கு எவ்வளவு விளைகிறது என்ற கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது. எத்தனை லிட்டர் எடுப்பது என்று அதனிடம் கேட்டதே பிசகு. தமிழ்நாட்டின் விவசாய மின் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் மீட்டர் கிடையாது.

இதற்கிடையில், அந்தக் கூட்டுப்பண்ணைக்காரர்கள் பெரிய முதலாளிகளாகிவிட்டார்கள். 2018-இல் நெட்டாஃபிமின் 80 சதவீதத்தை மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு ரசாயன, குழாய் நிறுவனம் வாங்கியது. மீதி 20 ஹட்சேரிமிடம்.

தோட்டத்தில் டிரிப்பரின் ஆயுளை முடிவுசெய்வது கிணற்று நீர்தான். சுண்ணாம்பு உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் என்றால் வளைவுத் தடத்தில் வெள்ளையாகப் படியும். அதைக் கரைக்க அவ்வப்போது அமிலம் விட வேண்டும். பாசி பிடித்தால் குளோரின். வாரம் ஒருமுறையாவது குழாய்க் கடைசியில் மடக்கி மாட்டியிருக்கும் எட்டு வடிவ வளையத்தைக் கழற்றி, கலங்கல் போகும்வரை ஓடவிட வேண்டும். ஃபில்டரைக் கழுவ வேண்டும். மானியத்தில் வந்த டிரிப்பர்களில் பல, இந்த நான்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமலேயே இரண்டாம் வருடம் அடைத்துக்கொண்டன. அடைத்ததும் பொறுமையிழந்தவர்கள் பின்னூசியால் குத்திப் பெரிதாக்குவார்கள். அன்றோடு அது டிரிப்பர் அல்ல, வெறும் ஓட்டை. இதற்கு மேல் அணில் இருக்கிறது. குழாய்க்குள் தண்ணீர் ஓடுவது அதற்குத் தெரியும், கோடையில் கடித்துக் குடிக்கும். தோட்டத்தின் நாலு மூலையில் தண்ணீர்ச் சட்டி வைப்பதுதான் இதுவரை கண்ட வைத்தியம்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஏழெட்டு ஆண்டு உழைக்கும். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் கேட்க வேண்டுமானாலும் ஏழு ஆண்டு ஆக வேண்டும். பழையதைச் சுருட்டிக் கட்டி வைத்தால் காயலான் கடைக்காரர் வந்து தராசில் நிறுத்து எடுத்துக்கொள்வார். உப்பும் மண்ணும் ஏறியது என்று கிலோவுக்கு விலை குறைப்பார், அதற்கு ஒரு பேரம் நடக்கும். உருக்கிய பிளாஸ்டிக் பெரும்பாலும் முத்திரை இல்லாத மட்டரகக் கறுப்புக் குழாயாகச் சந்தைக்குத் திரும்பும். மானியம் கிடைக்காதவர்கள் அதை வாங்கிப்போய்த் துளை போட்டுக்கொள்கிறார்கள்.